ராமேஸ்வரம் வரை வந்த பாறை மனிதர் – இராபர்ட் புரூஸ் ஃபூட்

மலர்க் குழுவினர் இந்த முறை ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று கேட்டார்கள். சிவில் படித்தவனிடம் கேட்டால் ஆர்தர் காட்டன், விசுவேசுவரய்யா என்று ஏதாவது அணைக்கட்டோடுதான் வருவான் என்று நினைத்திருப்பார்கள். அணையை வேறு யாராவது எழுதட்டும். அணைக்கும் பாலத்துக்கும் அடியில் இருக்கிற பாறையைப் பற்றி எழுதலாம் என்று எனக்கு ஆசை. அதனால் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரை எடுத்துக்கொண்டேன்.

பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தவர் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரி படித்திருப்போம். பரீட்சைக்கு ஒரு மார்க். ஆனால் அந்த மனுஷனுக்குச் சம்பளம் கொடுத்தது கற்கால ஆயுதத்துக்காக அல்ல. பாறைகளைப் பார்த்து வரைபடம் போடுவதற்காக. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளையும், நம்ம ராமநாதபுரம் கடற்கரையையும் சுற்றி வந்து, எந்த ஊரில் எந்தக் கல் தலைகாட்டுகிறது, எங்கே மண்ணுக்குள் போய் மறைகிறது என்று எழுதி வைத்தவர் அவர்.

நான் மண் பரிசோதனை வேலையில் இருப்பவன். ராமநாதபுரம், மண்டபம் பக்கம் போர்ஹோல் போடப் போனால் வேலை கொடுத்தவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: ராக் எத்தனை அடியில் வரும்? மதுரையில் இதற்குப் பதில் சுலபம். பத்திருபது அடியில் கருங்கல் தட்டும், சில இடத்தில் வாசலிலேயே நிற்கும். மண்டபத்தில் கதை வேறு. கொஞ்ச ஆழத்திலேயே பிட் டங்கென்று ஒன்றில் மோதும். சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. அது சுண்ணாம்பு பிடித்து இறுகிய மணல்பாறை அல்லது பழைய பவளப்பாறை. நம்ம மீனவர்கள் கடலுக்குள் பார் என்று சொல்கிற ஜாதி. அதைத் துளைத்துப் போனால் கீழே மறுபடியும் மணல், களிமண். மேல் ஓட்டை நம்பி அஸ்திவாரத்தை நிறுத்தினால் பாரம் ஏறியதும் ஓடு உடையும். நிஜக் கருங்கல் எங்கே? இந்தக் கேள்விக்கு யாராவது முன்னாடி பதில் எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் போனதில்தான் ஃபூட் எனக்குப் பழக்கமானார்.

1834 செப்டம்பர் 22-ஆம் தேதி இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தவர். 1858-இல், தம் 24-ஆவது வயதில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். அந்தத் துறை தொடங்கியே ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. தாமஸ் ஓல்தாம் அதன் தலைவர். புதுப் பையனை சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு 33 வருஷம், 1891-இல் ஓய்வு பெறும் வரை, பெரும்பாலும் தென்னிந்தியாதான் அவருக்கு வேலைக்களம். வெயில் தணிந்த மாதங்களில் கூடாரத்தோடு புறப்படுவது, ஓடையோரமும் குன்றோரமும் பார்த்துக் குறிப்பெடுப்பது, கோடையில் திரும்பி உட்கார்ந்து எழுதுவது. துறையில் எல்லோருக்கும் இதே அட்டவணைதான். ஃபூட் ஓவியரும்கூட. நீர்வண்ணத்தில் வரைகிற கை அவருக்கு. பாறையைப் பார்க்கிற கண்ணுக்கு அது எவ்வளவு உதவும் என்பதைச் சர்வே கேம்ப்பில் ஸ்கெட்ச் போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் மாமனார் யார் தெரியுமோ? பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்து, ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். பின்னால் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தியவர், தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தேடித் தொகுத்தவர். மாமனார் பழமொழி பொறுக்கினார், மருமகன் கல் பொறுக்கினார். தமிழ்நாட்டுக்கு இரண்டும் லாபம்தான்.

பல்லாவரம் சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். 1863 மே 30. ராணுவ அணிவகுப்புத் திடல் பக்கம் சரளை வெட்டிய ஒரு குழி. அந்தச் செம்புரைக்கல் சரளையில், மனிதன் கைவைத்துச் செதுக்கிய கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. குவார்ட்சைட் கல்லால் ஆன கருவி. அப்போது அவருக்கு வயது 28. பிரான்சில் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கைக்கோடாரிகள் நிஜமாகவே மிகப் பழைய மனிதன் செய்தவைதாம் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டதே 1859-இல்தான். நாலே வருஷத்தில் சென்னைக்குப் பக்கத்திலும் அப்படி ஒன்று. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய எடுத்தார்கள். அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் பழமையானவை சுமார் 15 லட்சம் ஆண்டுகள் முந்தியவை என்று 2011-இல் சாந்தி பப்புவும் குழுவினரும் வெளியிட்டார்கள்.

எல்லோரும் அந்தக் கோடாரியைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்தக் குழிக்குப் பின்னால் நிற்கிற குன்றின் மேல்தான் கண் போகிறது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது பச்சை கலந்த கருநீலத்தில் எண்ணெய் தடவியது போல மின்னும் ஒரு கல். பார்க்க கிரானைட் மாதிரி இருக்கும். நிறம் மட்டும் உதைக்கும். அதற்கு அப்போது தனிப்பெயர் கிடையாது. நைஸ் என்கிற பெரிய மூட்டையில் எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நம்ம ஊருக்கு வருவோம்.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் புவியியல் என்ற அவருடைய நூல் 1883-இல் ஆய்வுத்துறை வரிசையில் வெளிவந்தது. ராமநாதபுரம் மாவட்டம் என்று தனியாக அப்போது இல்லை. அது 1910-இல் பிறந்தது. சேதுபதிகளின் ஜமீன் மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. பாம்பன் ரயில் பாலமும் இல்லை. அது 1914-இல்தான் திறந்தது. தீவுக்குப் படகில்தான் போக வேண்டும்.

மதுரையிலிருந்து கிழக்கே வாருங்கள். மேலூர், அழகர்மலைப் பக்கம் மொட்டைப் பாறைகள் யானைக்கூட்டம் படுத்திருப்பது போலக் கிடக்கும். சிவகங்கையைத் தாண்டினால் பாறை தலையைத் தாழ்த்திக்கொள்கிறது. மேலே செம்புரைக்கல்லும் மணற்கல்லும் போர்வையாக வருகின்றன. இன்னும் கிழக்கே வண்டல், கண்மாய்க் களிமண். அதற்கப்பால் தேரி மணலும் கடற்கரை மணலும். ராமேஸ்வரம் தீவில் கருங்கல் ஒரு கைப்பிடி கூட இயற்கையாகக் கிடையாது. கோயிலில் இருக்கிற ஒவ்வொரு கருங்கல்லும் தண்ணீரைத் தாண்டி வந்ததுதான். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் இடிந்து நிற்கிற மாதா கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள், பவளக்கல்லால் கட்டியிருப்பார்கள். உள்ளூர் சரக்கு அதுதானே.

இந்த மறைகிற பாறையை ஃபூட் எங்கே எல்லை போட்டார் என்பதுதான் எனக்கு முக்கியம். காரணம், வெளியே தெரியாத பாறையை ஊகித்து வரைவது சுலபம், ஆசையும் கூட. அவர் கண்ணில் பட்டதைப் பட்ட இடத்தில் குறித்தார். அக்கால வழக்கப்படி நைஸ் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து, பிறகு மடிந்துபோன அடுக்குகளாகவே பார்த்தார். அவற்றில் பலதும் உருகிய குழம்பாக உள்ளே புகுந்து இறுகியவை என்று இன்று சொல்கிறோம். விளக்கம் மாறிப்போச்சு. ஆனால் எந்தத் திசையில் பட்டை ஓடுகிறது, எவ்வளவு சாய்வு என்ற குறிப்பு மாறவில்லை. சாய்வுமானியை வைத்து இன்றைக்கு யார் அளந்தாலும் பாறை அங்கேயேதான் நிற்கிறது.

ராமேஸ்வரம் தீவில் அவருக்குக் கிடைத்தது வேறொரு விஷயம். தீவின் வடக்குக் கரையில், கடல் மட்டத்துக்கு மேலே, செத்துப்போன பவளப்பாறை, வளர்ந்த நிலையிலேயே நிற்கிறது. பவளம் தண்ணீருக்குள்தான் வளரும். வெளியே நிற்கிறதென்றால் நிலம் ஏறியிருக்க வேண்டும், இல்லை கடல் இறங்கியிருக்க வேண்டும். ஃபூட் நிலம் ஏறியதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். தீவைப் பற்றித் தனியாகவும் ஒரு கட்டுரை எழுதினார். எங்கே தெரியுமா? 1880-களின் கடைசியில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி மேகஸினில்! கல்லூரி மலரில் எழுதுவதை யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். அதே சமயத்தில் வந்துபோன ஜெர்மானியர் யோகன்னஸ் வால்தர் பாக் நீரிணையின் பவளத்திட்டுகளைப் பற்றி 1891-இல் நூல் வெளியிட்டார். பிறகு 1972-இல் இங்கிலாந்தின் ஸ்டாடர்ட்டும், மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கோபிநாத பிள்ளையும் இதே பாறைகளை ஆராய்ந்து, கார்பன் முறையில் சுமார் 4,000 ஆண்டு வயது சொன்னார்கள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டமே இன்றைக்கு இருப்பதைவிடச் சற்று உயரமாக இருந்தது என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எது எப்படியோ, நம் போர்ஹோலில் மேலே டங்கென்று மோதுகிற கல் எவ்வளவு இளசு என்று புரிந்திருக்கும். மனுஷன் ஊரும் கோயிலும் கட்டத் தொடங்கிய காலத்துக் கல் அது. மேலூர்க் கல்லோ கோடி ஆண்டுக் கணக்கு.

இப்போது அந்தப் பல்லாவரம் கல்லின் பெயர். ஃபூட் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம், 1890-இல், தாமஸ் ஹாலண்ட் என்ற இளைஞர் அதே துறையில் சேர்ந்தார். கல்கத்தா நகரத்தை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் சமாதி அங்கே செயிண்ட் ஜான் தேவாலயத்தில் இருக்கிறது. அதன் மேல் கிடக்கிற கல் நம்ம சென்னைப் பக்கத்துக் கல் என்று ஹாலண்ட் கண்டுகொண்டு, 1893-இல் அந்தக் கல்லுக்கே சார்னகைட் என்று பெயர் வைத்தார். 1900-இல் ஒரு பெரிய நூலும் எழுதி, இது அக்கினிக் குழம்பிலிருந்து வந்த குடும்பம் என்று வாதித்தார். பரங்கிமலைக் கல்லுக்கு, கல்கத்தாவில் புதைந்த வெள்ளைக்காரர் பெயர்! உலகம் பூராவும் ஜியாலஜி மாணவர்கள் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

சார்னகைட் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்கிறேன், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பூமிக்குள் ஆழத்தில் இருக்கிற பழைய பாறை உருகித்தான் பெரும்பாலும் கிரானைட் குழம்பு உண்டாகிறது. நீர்ச்சத்து இருந்தால் 650, 700 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். நீர் இல்லாவிட்டால் இன்னும் பல நூறு டிகிரி வேண்டும். நீர்ச்சத்துள்ள கிரானைட்டில் மைக்கா, ஹார்ன்பிளெண்டு தாதுக்கள் இருக்கும். நீர் வற்றிய நிலையில் அந்த இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற தாது வரும். ஹைப்பர்ஸ்தீன் உள்ள கிரானைட் என்பதுதான் சார்னகைட். அப்படியானால் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் சூட்டில் காய்ந்த பாறை, மேலே இருந்ததெல்லாம் அரிக்கப்பட்டு, இன்றைக்கு நம் காலடியில் நிற்கிறது. குழம்பாகவே வந்ததா, இருந்த பாறை காய்ந்து மாறியதா என்ற சண்டை ஹாலண்ட் காலத்திலிருந்து நடக்கிறது. 1960-இல் சி.எஸ். பிச்சமுத்து, சாதாரண நைஸ் பாறையின் நடுவிலேயே திட்டுத்திட்டாக அது சார்னகைட்டாக மாறிக்கொண்டிருந்த இடத்தைக் கர்நாடகத்தில் காட்டினார். அப்புறம் இரண்டு கட்சியும் சரிதான், இடத்துக்கு இடம் வேறு என்ற அளவில் நிற்கிறது.

எந்தக் கிரானைட் எப்படிப் பிறந்தது என்று கண்டுபிடிக்க இன்று ரசாயனம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சாப்பலும் ஒயிட்டும் 1974-இல் கிரானைட்டை அதன் தாய்ப்பாறையை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள்: அக்கினிப்பாறை உருகி வந்தது ஒன்று, வண்டல்பாறை உருகி வந்தது இன்னொன்று. 1984-இல் பியர்ஸும் கூட்டாளிகளும் ரூபிடியம், இட்ரியம், நியோபியம் போல பத்து லட்சத்தில் சில பங்கே இருக்கிற தனிமங்களை அளந்து வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். கடலடித் தட்டு அமிழ்கிற இடத்தில் பிறந்ததா, கண்டங்கள் மோதின இடத்தில் பிறந்ததா, கண்டம் இழுபட்டு மெலிந்த இடத்தில் பிறந்ததா என்று அந்தப் புள்ளி விழுகிற கட்டத்தை வைத்துக் கணிக்கலாம். வயதுக்கு ஜிர்கான் இருக்கிறது. மணலை விடச் சின்ன பரல். உள்ளே யுரேனியம் காரீயமாக மாறுகிற கணக்கை எடுத்தால் பிறந்த காலம் கிடைத்துவிடும்.

மதுரை வட்டாரத்துப் பாறைகளை இப்படிப் பார்த்ததில், சுமார் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் புகுந்த கிரானைட்டுகளும், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த பெரும் சூடும் தெரியவந்தன. கொடைக்கானல் அடிவாரத்துக் கங்குவார்பட்டி பாறைகள் 900 டிகிரிக்கு மேல் பார்த்தவை. அந்த 55 கோடி என்பது இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் முட்டிச் சேர்ந்து கோண்டுவானா என்ற ஒரே நிலமான காலம். இலங்கையின் நடுமலைப் பாறைகளும் அதே காலத்துச் சூட்டைச் சொல்கின்றன. பிறகு அந்த நிலம் கிழிந்தது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி நம் கிழக்குக் கரை பள்ளம் பள்ளமாக இறங்க, வண்டல் வந்து நிரப்பியது. ராமநாதபுரத்துக்கு அடியில் கருங்கல் ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்குப் போனது இதனால்தான். அந்த வண்டலில் தேங்கிய எரிவாயுவைத்தான் ஓ.என்.ஜி.சி. எடுக்கிறது. வழுதூர் மின் நிலையம் 2003-லிருந்து ஓடியது அதில்தான். எண்ணெய் தேடுகிறவர்கள் வரைபடத்தில் மண்டபம்–நெடுந்தீவு முகடு என்று ஒன்று உண்டு: இரண்டு பள்ளங்களுக்கு நடுவே அமிழாமல் எஞ்சிய அடித்தளப் பாறை, கடலுக்கடியில் இலங்கை பக்கம் ஓடுகிறது. ராக் எங்கே என்று கேட்ட வேலைக்காரருக்கு நான் சொல்லக்கூடிய முழுப் பதில் இதுதான். பைல் போடுகிற ஆழத்தில் கிடையாது ஐயா.

ஃபூட்டுக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று வேகனர் முதன்முதலில் மேடையேறிச் சொன்னது 1912 ஜனவரியில். அந்த வருஷம் முடிவதற்குள் ஃபூட் காலமாகிவிட்டார்.

மேலூர்க் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. அந்த வெள்ளைக் கல்லைப் பாலீஷ் போட்டு காஷ்மீர் ஒயிட் என்று வெளிநாட்டுக்கு விற்றார்கள். காஷ்மீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிரானைட் குழம்பு ஆறும்போது படிகங்களில் சேர இடமில்லாத தனிமங்கள் கடைசிச் சொட்டுத் திரவத்தில் சேர்ந்துகொள்ளும். டங்ஸ்டன் அந்த ரகம். 2024 நவம்பரில் மேலூர் வட்டத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை மத்திய அரசு ஏலம் விட்டது. அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது. அது 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் குடைவரைக் கோயிலும் உள்ள குன்றுகள். ஊர்ஜனங்கள் திரண்டார்கள், டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. என் அபிப்பிராயம் கேட்டால், ரத்தானது நல்லதே. அதே சமயம், அந்தப் பாறையில் என்ன இருக்கிறது என்று ஊர்க்காரர்களுக்கு யாராவது தமிழில் முன்பே சொல்லியிருந்தால் ஏலத்துக்கு முந்தியே பேசியிருக்கலாம். அந்த வேலை நம்மைப் போல் படித்தவர்கள் தலையில்தான் இருக்கிறது.

ஃபூட்டின் பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1880-களில் கர்நாடகத்தின் பழைய படிவுப் பட்டைகளை நைஸிலிருந்து பிரித்து தார்வார் என்று பெயரிட்டார். கோலார், ஹட்டித் தங்கம் எல்லாம் அந்த மாதிரிப் பட்டையில்தான். கர்நூல் பக்கம் பில்லா சுர்கம் குகைகளை மகனோடு சேர்ந்து தோண்டினார். ஓய்வுக்குப் பின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கு வேலை பார்த்தார். போன இடமெல்லாம் பொறுக்கிய கற்கருவிகளும் பானை ஓடுகளும் ஏற்காட்டு வீட்டில் குவிந்தன. அதை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூர் போனால் பார்க்கலாம். எது எங்கே கிடைத்தது என்று ஊர் பெயரோடு எழுதிய அவர் பட்டியல், அவர் இறந்த பின்தான் புத்தகமாக வெளிவந்தது.

1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் இறந்தார். வயது 78. அஸ்தியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து ஹோலி டிரினிடி தேவாலயத்தில் வைத்தார்கள். சேர்வராயன் மலை முழுக்கச் சார்னகைட். பல்லாவரத்தில் அந்தக் குழிக்குப் பின்னால் நின்ற அதே கல்.